ராணியக்கா சொன்னா சரி

மைக்கை அணைத்துவிட்டு, மாடிப்படி இறங்கி, ரோட்டைக் கடந்து வந்து சகாயராணி டீயை ஒரு வாய் குடித்தாள். அப்போதும் அவளுடைய குரல் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது.

டீக்கடை லூர்து அண்ணாச்சி வானொலிப் பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி பெட்டியைப் பார்த்தார்.

“அங்கயும் பேசுத, இங்கயும் நின்னு டீ குடிக்குத. ரெட்டை ஆளா நீ?”

“பதிவு பண்ணினதைப் போட்டிருப்பாங்க அண்ணாச்சி. அதுல என்ன...”

வாக்கியத்தை முடிக்கவில்லை. பெட்டியில் அவள் குரல், ஒரு எழுத்து வழுக்காமல், நிதானமாகச் சொன்னது: “நான்காம் வார்டு மக்களின் கவனத்துக்கு. தண்ணீர் லாரி இன்று வராது. இருக்கும் நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள்.”

அப்படி ஒரு வரியை அவள் வாசிக்கவே இல்லை. எல்லா வார்டுகளுக்கும் இன்று லாரி உண்டு என்றுதான் வாசித்தாள். தாளை மடித்து மேசையில் வைத்த சூடு கூட இன்னும் ஆறவில்லை.

“வராதா?” என்றார் லூர்து. நான்காம் வார்டுக்காரர். வீட்டுப் பெட்டியைத் தினமும் கடைக்குத் தூக்கி வந்துவிடுவார். “சரி, நீயே சொல்லிட்ட. ராணியக்கா சொன்னா சரி.”

அவளைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் அக்கா. வெண்மணல்துறை முழுக்க அவள் அக்காதான். செல்போன் கோபுரங்கள் போரின் முதல் வாரத்திலேயே சாய்ந்துவிட்டன. டிவி இல்லை. வீட்டுக்கு ஒரு பெட்டி, அதில் ஒரு குரல். முதல் குண்டு விழுந்த அன்று நிலையத்தின் கண்ணாடியெல்லாம் நொறுங்கியபோதும் அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. அன்றிலிருந்து ஊர் அவள் வாயைப் பார்த்துத்தான் நடந்தது.

டீயை அப்படியே வைத்துவிட்டு மாடிக்கு ஓடினாள்.

*

“மீரான் தம்பி! நாலாம் வார்டுக்குத் தண்ணி லாரி இல்லைன்னு நான் எப்ப சொன்னேன்?”

நிலையத்தின் ஒரே பொறியாளன் காதர் மீரான். ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினான். அவன் முகத்தில் எப்போதும் இருக்கும் சிரிப்பு இன்று பாதியில் நின்றது.

“நீங்க சொல்லலக்கா. உங்க சக்களத்தி சொன்னா.”

சக்களத்தி என்பது அவன் வைத்த பேர். அரசாங்கப் பேர் துணைக்குரல். மூலையில் பீரோ உயரத்தில் நிற்கும் கறுப்பு இயந்திரம். அவளுடைய பத்தொன்பது வருடச் செய்திகளை விழுங்கிவிட்டு அவளைப் போலவே பேசக் கற்றுக்கொண்டது. ரேஷன் நேரம், குழாய்த் தண்ணீர் நேரம் போன்ற சில்லறை அறிவிப்புகளை வார்டு வாரியாக அவள் குரலில் சொல்லிவிடும் என்றுதான் கொண்டுவந்து வைத்தார்கள். நாலு வார்டுக்கும் தனித்தனியாக நாலு ஒலிபரப்புக் கோபுரம்; ஒரு வார்டின் பெட்டி எங்கே இருந்தாலும் அந்த வார்டுக் கோபுரத்தை மட்டும்தான் பிடிக்கும். அவளுக்கும் தொண்டை மிச்சம்.

“லாரி எல்லாருக்கும் போதாது. நாலாம் வார்டுக்கு இல்லைன்னு முடிவு. உண்மையச் சொன்னா மத்த வார்டுல கேள்வி வரும். அதனால அவங்களுக்கு ஒண்ணு, இவங்களுக்கு ஒண்ணு. போன வாரம் மேலேருந்து உத்தரவு வந்துச்சுக்கா. நீங்க ஒரு செய்தி வாசிப்பீங்க. வெளிய நாலு செய்தி போகும்.”

“என் குரல்ல!”

“உங்க குரல்ல சொன்னாத்தானே கேக்காங்க?”

சகாயராணி நாற்காலியில் உட்கார்ந்தாள். “நான் வாசிக்கறதை அது அப்படியே மாத்திடுமா?”

“எல்லாத்தையும் இல்ல. மாத்தச் சொன்ன வரியை மட்டும் மாத்தும். மத்ததெல்லாம் நீங்க வாசிச்சபடிதான் போகும். கொஞ்சம் தொடச்சுவிடும். போன மாசம் சளியோட வாசிச்சீங்களே, ஒத்த இருமல் வெளிய போகல. அகராதியில இல்லாத சொல் வாய் தவறி வந்துட்டா திருத்திடும்.”

“நான் எப்ப வாய் தவறினேன்?”

“அதான், தப்பே பண்ணாத ஆளுக்கு எதுக்குத் திருத்தம்னு அதுவும் சும்மாதான் இருக்கு.” மீரான் குரலைத் தாழ்த்தினான். “இன்னொண்ணு. ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் ஒரு காது வச்சிருக்காங்க. சனங்க எந்திரிச்சாங்களா, கதவைத் தெறந்தாங்களா, எங்க போறாங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். எப்படிச் சொன்னா சொன்னபடி செய்தாங்களோ, அடுத்த தடவ அதே மாதிரி சொல்லும். நாளுக்கு நாள் இன்னும் கொஞ்சம் நீங்களா ஆகிக்கிட்டிருக்கு.”

“பொய் சொல்றோம்னு அதுக்குத் தெரியுமா?”

“பொய், மெய்யெல்லாம் நமக்குத்தான்க்கா. அதுக்கு, எந்திரிச்சாங்களா எந்திரிக்கலையா. அவ்வளவுதான்.”

நான்காம் வார்டில்தான் அவள் வீடு. கடலோரத்தில், உரத் தொழிற்சாலையை ஒட்டி, சிலுவைத் தெரு. அங்கே அவள் கணவன் டெரன்ஸ் இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டோடு படுத்திருந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். போன மாதம் குண்டு அதிர்ச்சியில் சரக்குப் பெட்டி சரிந்து தொடை எலும்பு முறிந்தது. கட்டிலிலிருந்து இறங்க இரண்டு ஆள் வேண்டும்.

இன்றைக்குத் தண்ணீர் லாரி. நாளைக்கு என்ன?

நாளை வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

*

மத்தியானச் செய்திக்குக் கொஞ்சம் முன்னால் துணை ஆணையர் மேகநாதன் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். தலைநகரிலிருந்து அனுப்பப்பட்டவர். எப்போதும் இஸ்திரி கலையாத சட்டை இன்று முதுகோடு ஒட்டியிருந்தது.

“மேடம், இதை வாசிக்கணும். ட்ரோன் கூட்டம் ஒண்ணு துறைமுகத்தைப் பார்த்து வருது. குறி அனேகமா உரத் தொழிற்சாலையோட அமோனியா தொட்டி.”

தாளை வாங்கினாள். ‘நான்கு வார்டு மக்களும் உடனே ஆற்றுப் பாலம் வழியாக மேற்குக் கரைக்குச் செல்லுங்கள்.’ பிறகு வானிலை. பிறகு சந்தை நிலவரம்.

“இந்த நேரத்துல சந்தை நிலவரமா சார்?”

“வழக்கமா இருக்கறதெல்லாம் இருக்கட்டும். பதற்றம் தெரியக்கூடாது.”

ஹெட்போனை எடுத்து மாட்டினாள். மீரான் அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே ஒரு விசையைத் தட்டினான். அவள் காதில் நான்காம் வார்டுக்காகத் தயாராகிக்கொண்டிருந்த அவளுடைய குரல், தாலாட்டுப் போல இதமாக ஒலித்தது:

“நான்காம் வார்டு மக்களே, கதவு ஜன்னல்களை மூடி வீட்டிலேயே இருங்கள். உங்கள் பகுதிக்கு எந்த ஆபத்தும் இல்லை.”

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“சார். தொட்டி இருக்கறதே நாலாம் வார்டு பக்கத்துலதான்.”

மேகநாதன் மீரானைப் பார்த்தார். மீரான் இன்னும் சுவரைப் பார்த்தான்.

“தெரிஞ்சுபோச்சா? சரி. கேளுங்க மேடம். பங்குனியில என்ன நடந்தது? எல்லாரும் ஒரே நேரத்துல பாலத்துக்கு ஓடினாங்க. குண்டு விழுந்து ஒருத்தரும் சாகலை. பாலத்துல மிதிபட்டுச் செத்தாங்க. குழந்தைங்க. நீங்கதான் அந்தப் பேரையெல்லாம் ரேடியோவில வாசிச்சீங்க.”

வாசித்தாள். பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். அந்த இடைவெளியைக்கூட இயந்திரம் துடைத்துவிட்டிருக்குமோ?

“பாலம் மூணு வார்டைத்தான் தாங்கும். அவங்க தாண்டினதும் நாலாம் வார்டைக் கூப்பிடலாம்.”

“அதுக்குள்ள தொட்டியில விழுந்தா? காத்து இப்ப கொண்டல். கடலிலேர்ந்து ஊருக்குள்ள வீசுது. அத்தனை வாயுவும் சிலுவைத் தெருவுக்குள்ளதானே சார் வரும்?”

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

“எங்க அம்மா நாலாம் வார்டுல இருந்தாலும் இதையேதான் செய்வேன் மேடம்.”

“இருக்காங்களா?”

“...இல்ல.”

“நான் வாசிக்க மாட்டேன்.”

“நீங்க வாசிக்கலைன்னா அதுவே வாசிச்சிடும்.” மூலையைக் காட்டினார். குரலில் மிரட்டல் இல்லை, களைப்புதான் இருந்தது. “உங்க மேல உள்ள மரியாதைக்காகக் கேட்கறேன். கடலைக் கடற்படை மூடி வச்சிருக்கு. பாலத்தை விட்டா வேற வழி இல்ல மேடம். ஒரே வழிதான்.”

வழி.

அந்தச் சொல் அவள் தலைக்குள் போய் எங்கோ இடித்தது.

சிலுவைத் தெருவில் யாருக்கும் ‘ழ’ வராது. அவளுக்கும் வந்ததில்லை. செய்தி வாசிக்கத் தேர்வானபோது கண்ணாடி முன்னால் நின்று, நாக்கை மடித்து மடித்து, கடித்து ரத்தம் வரப் பழகினாள். ரேடியோவில் மழை. வீட்டுப் படியேறினால் மளை. டெரன்ஸுக்கு அது தீராத கேலி. “எட்டி ராணி, நீ என்னைக்காவது ரேடியோவுல ‘மளை’ன்னு சொன்னேன்னு வையி, அன்னைக்கு ஒலகம் அளியப்போவுதுன்னு நான் பாயைச் சுருட்டிருவேன்” என்பான்.

ஆனால் ‘மளை’ என்றால் இயந்திரம் திருத்திவிடும். அப்படி ஒரு சொல் அகராதியில் இல்லை.

கண்கள் தாளில் ஓடின. முதல் வரி எப்படியும் மாறிவிடும். அதில் தொட்டுப் பயனில்லை. வானிலை நாலு வார்டுக்கும் ஒன்றுதான். ‘கொண்டல் காற்று கரை வழியே நகருக்குள் வீசும்.’ சந்தையும் ஒன்றுதான். ‘வடக்குத்திட்டில் வாழை வரத்து அதிகம்.’ போர் வந்ததிலிருந்து ஆற்றின் அக்கரையிலிருந்து வரும் வாழைத்தார்களை ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் அந்த மணல்திட்டில்தான் இறக்குகிறார்கள்.

வழியே. வாழை.

வளி என்றால் காற்று. அகராதியில் உண்டு. வாளை என்றால் மீன். அதுவும் உண்டு.

“நான் வாசிக்கறேன் சார்,” என்றாள்.

*

சிவப்பு விளக்கு எரிந்தது.

“வணக்கம். வெண்மணல்துறை வானொலி. செய்திகள் வாசிப்பது சகாயராணி.”

ஒரு காதை ஹெட்போனுக்குக் கொடுத்தாள். மீரான் அதை நான்காம் வார்டிலேயே வைத்திருந்தான். அவள் வாய் பாலத்துக்குப் போகச் சொன்னது. காது வீட்டிலேயே இருக்கச் சொன்னது. தன் வாயே தன்னை மறுப்பதைக் கேட்டுக்கொண்டு வாசிப்பது, கண்ணாடியில் இருக்கும் உருவம் நாம் கையைத் தூக்கும்போது தூக்காமல் நிற்பதைப் போல இருந்தது. இரண்டு முறை திணறினாள். காதில் ஒரு திணறலும் கேட்கவில்லை.

வானிலைக்கு வந்தாள். உள்ளங்கை வியர்த்துத் தாள் ஒட்டியது. லேசாக இருமினாள்.

“கொண்டல் காற்று கரை வளியே நகருக்குள் வீசும்.”

மேகநாதன் நிமிர்ந்தார்.

அவள் மூச்சைப் பிடித்தாள். காதில் வந்து விழ ஒரு நொடி ஆகும். திருத்திவிடுமா? விடாதா?

“...கரை வளியே நகருக்குள் வீசும்.”

விட்டுவிட்டது. வானிலையில் வளி என்ற சொல் வருவதில் இயந்திரத்துக்கு என்ன சந்தேகம்?

ஒரு தடவை சொன்னால் வாய் தவறியது. இரண்டு தடவை சொன்னால்தான் சொன்னது. அடுத்த தாளைப் புரட்டினாள்.

“சந்தை நிலவரம். வடக்குத்திட்டில் வாளை வரத்து அதிகம்.”

நான்கு மாதமாக ஒரு படகும் கடலுக்குப் போகாத ஊருக்கு, அவள் மீன் விலை சொன்னாள்.

விளக்கு அணைந்தது. மேகநாதன் மேசைக்கு வந்தார். “மேடம், வளி இல்ல, வழி. ‘ழ’. உங்களுக்கே வரலையா?”

“பதற்றம் சார். ஊர்ப் பேச்சு வந்துட்டுது.”

அவர் அனுதாபமாகத் தலையசைத்தார். தமிழில் எங்கேயோ ஒரு சிறு தவறு, அவ்வளவுதான் அவருக்கு.

அவளுக்கு மட்டும் நாற்காலியில் முதுகு ஒட்டவில்லை. டெரன்ஸ் கேட்டிருப்பானா? தூங்கியிருந்தால்? கேட்டாலும் நம்புவானா? நம்பினாலும் மாவுக்கட்டோடு எப்படி நகர்வான்? அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. வடக்குத்திட்டு என்பதை விட்டுவிட்டு, ஆபத்து என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு எல்லோரும் பாலத்துக்கு ஓடினால்? பங்குனியில் வாசித்த பேர்களைவிட நீளமாக இன்றைக்கு வாசிக்க வேண்டியிருக்குமோ?

“அக்கா,” என்றான் மீரான்.

அவன் முன்னால் திரையில் நாலு வார்டும் வரைபடமாக விரிந்திருந்தன. ஒவ்வொரு பெட்டியும் ஒரு பச்சைப் புள்ளி; எங்கே போனாலும் சனங்கள் பெட்டியைக் கையோடு தூக்கிப்போவார்கள். மூன்று வார்டுப் புள்ளிகள் பாலத்தை நோக்கி ஊர்ந்தன. நான்காம் வார்டு அசையவில்லை.

அசையவில்லை.

அசையவில்லை.

பிறகு சிலுவைத் தெருவில் ஒரு புள்ளி நகர்ந்தது. பக்கத்தில் இரண்டு. தெருவே நகர்ந்தது.

“எங்க போறாங்க?” மேகநாதன் திரை மேல் கவிழ்ந்தார். “பாலத்துக்கா? ஐயோ, பாலத்துக்கா?”

“இல்ல சார்.” மீரானின் பாதிச் சிரிப்பு முழுசானது. “கடலுக்கு.”

அந்தப் புள்ளிகள் கரையைத் தாண்டின. தண்ணீர் மேல் மிதந்தன. முதலில் காற்றுக்கு எதிரே, பிறகு வடக்கே, வாழைத்தார் இறக்கும் மணல்திட்டைப் பார்த்து நகர்ந்தன. வாயு எட்டாத பக்கம்.

கடைசிப் புள்ளி கரையைத் தாண்டியபோது கட்டடம் ஒரு தடவை குலுங்கியது. சத்தம் பிறகுதான் வந்தது. தெற்கே, ஜன்னலுக்கு வெளியே, பால் பொங்கினாற்போல வெள்ளையாக ஒரு மூட்டம் கிளம்பி, தரையோடு தரையாக நான்காம் வார்டுக்குள் இறங்கியது.

மேகநாதன் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

“வளி,” என்றார். “வாளை.”

அவள் தாளை மடித்தாள்.

“அத்தனை பேரும் பாலத்துக்குப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும் மேடம்?”

“எனக்குத் தெரியாது சார். அதைத்தான் இவ்வளவு நேரமும் நினைச்சுக்கிட்டிருந்தேன்.”

அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். “எனக்குச் சந்தோஷம்தான். நம்புங்க. ஆனா இனிமே நீங்க மைக் முன்னால உட்கார முடியாது. வீட்டுக்குப் போங்க.” வீடு என்ற சொல்லைச் சொன்ன பிறகு ஜன்னலைப் பார்த்தார். “அதாவது... மூட்டம் காலையிலதான் கலையும்னு சொல்றாங்க.”

போன் அடித்தது. கடற்படை. எழுந்து நின்று கேட்டார். வைத்தபோது முகம் வெளுத்திருந்தது.

“இருட்டறதுக்குள்ள கடல் காலியாகணுமாம். இருட்டுல அசையறதையெல்லாம் சுடுவாங்களாம்.”

“எங்க போவாங்க சார்? வார்டு முழுக்க வாயு நிக்குது.”

“பேசிப் பார்க்கறேன். நீங்க கிளம்புங்க.”

படியிறங்கும்போது மீரான் பின்னாலேயே ஓடிவந்து நனைத்த துண்டு ஒன்றைக் கையில் திணித்தான். “மூக்குல வச்சுக்கிடுங்க. அக்கா... ஒண்ணு சொல்லணும். கடலைக் காலி பண்ணச் சொல்ற உத்தரவு சக்களத்திக்கும் போயிடுச்சு. அவ உங்க மத்தியானச் செய்தியவே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கிட்டிருக்கா. இத்தனை நாள்ல நாலாம் வார்டு இப்படி ஒரே மூச்சுல எந்திரிச்சது கிடையாதுல்ல? எதுக்கு எந்திரிச்சாங்கன்னு பாக்கா.”

“பாத்துட்டுப் போகட்டும்,” என்றாள். டெரன்ஸைப் பார்க்க வேண்டும். அதைத் தவிர அவள் மூளையில் எதுவும் ஏறவில்லை.

*

மூட்டத்தைச் சுற்றிக்கொண்டு, சாயங்காலம் வரை கரையோரம் நடந்தாள். மூட்டத்தின் ஓரம் ஓரிடத்தில் அவளைத் தொட்டுவிட்டுப் போனது. துண்டையும் மீறித் தொண்டை எரிந்தது. முழங்கால் தண்ணீரில் இறங்கி வடக்குத்திட்டுக்குக் கரையேறியபோது சூரியன் போயிருந்தது. விளக்கு ஏற்றக் கூடாது. திட்டைச் சுற்றி வள்ளங்கள் அந்திக் கருக்கலில் முட்டிக்கொண்டு கிடந்தன. குழந்தை அழுகை, கோழி, யாரோ ஜெபமாலை சொல்லும் முணுமுணுப்பு.

“டெரன்ஸ் வீடு... டெரன்ஸ் இருக்காங்களா?” கேட்டாள். குரல் வரவில்லை. தகரத்தைத் தரையில் இழுத்தது போல ஒரு சத்தம்தான் வந்தது.

“வாளை எங்கட்டி?”

இடுப்பளவு நீரில் நின்ற வள்ளத்திலிருந்து அந்தக் கேள்வி வந்தது. மாவுக்கட்டைச் சுற்றி உரச்சாக்கு கட்டி, பாய்மரக்கட்டையில் சாய்ந்திருந்தான் டெரன்ஸ். பக்கத்தில் டீக்கடை லூர்து அண்ணாச்சி, அவருடைய வள்ளம்தான் அது; கையில் இன்னும் அந்த வானொலிப் பெட்டி.

ஏறி அவன் பக்கத்தில் விழுந்தாள். அழுதாள். சிரித்தாள்.

“நாலு மாசமா கடல் மூடிக் கெடக்கு, இவ வாளை வரத்துங்கா!” என்றான் அவன். அவன் குரலும் நடுங்கியது. “வளின்னு சொன்னப்போ வாய் தவறிட்டுன்னு நெனச்சேன். வாளைன்ன ஒடனே எந்திரிச்சிட்டேன்.”

“எந்திரிச்சியளா?”

“எங்கட்டி எந்திரிக்க? கத்துனேன். தெருவே சிரிச்சிட்டு, ராணியக்கா நாக்கு ஊருக்குத் திரும்பிட்டுன்னு. சிரிச்சுக்கிட்டே வந்த பயலுவ என் மூஞ்சியப் பாத்தானுவ. அப்புறம் ஒருத்தனும் சிரிக்கல. கட்டிலோட தூக்கிட்டானுவ.”

“வீட்டுலயே இருங்கன்னும் நான்தான சொன்னேன்? அதை ஏன் நம்பல?”

“அதைச் சொன்னது ரேடியோ. வாளைன்னு சொன்னது நீ. எங்களுக்கு வித்தியாசம் தெரியாதா?”

“ஏ, சும்மா இருங்கப்பா,” என்றார் லூர்து. “பேசுது, பேசுது.”

பெட்டியில் ஒரு கரகரப்பு. பிறகு மெலிதாக ஒரு இருமல். அவளுடைய இருமல்.

“நாலாம் வார்டு சனங்களே, நான் ராணி பேசுதேன்.” வணக்கம் இல்லை. செய்தித் தமிழ் இல்லை. சிலுவைத் தெருவில் வாசலில் நின்று பேசும் குரல். “வளி எல்லாம் கலைஞ்சிட்டு. பயப்படாண்டாம். மளை வரும்போல இருக்கு. பிள்ளையள நனைய விடாதிய. முழுசா இருட்டுறதுக்குள்ள எல்லாரும் வீட்டுக்குத் திரும்பிருங்க.”

டெரன்ஸ் அவள் உதட்டைப் பார்த்தான். அது மூடியிருந்தது. அவன் பிடி அவள் மணிக்கட்டில் இறுகியது.

“ராணி,” என்றான் மெதுவாக. “அது யாருட்டி?”

பக்கத்து வள்ளத்தில் ஒரு எஞ்சின் இருமி உயிர்பெற்றது. அதற்கப்பால் இன்னொன்று. இருட்டில் எங்கெங்கோ பெட்டிகள் அதே குரலில், அதே இருமலோடு, வீட்டுக்கு வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தன. தெற்கே, ஊர் இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளையாக ஒரு சுவர் நின்றது. லூர்து எஞ்சின் கயிற்றை இழுக்கக் கை நீட்டினார். டெரன்ஸ் எட்டி அந்தக் கையைப் பிடித்தான்.

சகாயராணி எழுந்து நின்றாள். வள்ளம் ஆடியது. இருந்த மூச்சையெல்லாம் திரட்டினாள்.

“போகாதிய! அது நான் இல்ல! வார்டுக்குள்ள வாயு நிக்குது, போகாதிய!”

தகரம் தரையில் உரசியது. எஞ்சின்கள் நகர ஆரம்பித்திருந்தன.

கடந்துபோன வள்ளத்திலிருந்து, முகம் தெரியாத ஒரு பொம்பிளை எரிச்சலோடு திரும்பிச் சொன்னாள்:

“எவட்டி அவ, காட்டுக் கத்தல் கத்துதா? சும்மா இரு. ராணியக்கா பேசுதா, கேக்க விடு.”